தாம்பாளத்தில் வைத்த காசோலை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அறங்காவலர்களுக்கும் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும்,

போன மாதம் நல்ல நாள் பார்த்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பெரிய வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் வெள்ளித் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தின் மேல் இரண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு காசோலை. பழத்துக்கு அடியில், கனத்துக்கு அமுக்கி வைத்த மாதிரி, நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம்.

காசோலையைத்தான் முதலில் எடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஆடிட்டர் ஆபீசில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறவள். அடியில் இருக்கும் தாளைத்தான் முதலில் உருவுவேன். உருவிப் படித்தேன். இந்தத் தொகை அறக்கட்டளை மனமுவந்து தரும் 'அன்பளிப்பு'. இதைப் பெற்றுக்கொண்ட பின் நானோ என் மகளோ அறக்கட்டளை மீது எந்த நீதிமன்றத்திலும் எந்த வழக்கும் தொடுக்க மாட்டோம். என் மகளிடம் பாலியல் குற்றம் செய்ததற்காகத் தண்டனை பெற்ற உங்கள் பள்ளிப் பயிற்சியாளர் போட்டு, மதுரையில் நிலுவையில் இருக்கும் மேல்முறையீட்டில் 'ஒத்துழைப்போம்'. யாரிடமும் இதைப் பற்றிப் பேச மாட்டோம். என் மகள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தீர்கள்.

எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் தாம்பாளம் என் வீட்டு வாசலுக்கு வந்தது. வந்தவரிடமே திருப்பிக் கொடுத்தேன், வாழைப்பழம் உட்பட.

வாயால் சொன்ன பதில் உங்களுக்குப் பதிலாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்று முறை உங்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு எழுத்தில் ஒரு வரிகூடப் பதில் வராததால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. ஊரின் பெயரையும், என் பெயரையும் எழுதவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, குடும்பம், படித்த பள்ளி, குடியிருக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். "பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுப் போகுமேத்தா" என்று நீங்கள் ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறீர்கள். பிள்ளைக்காகப் போட்ட வேலி உங்கள் பள்ளிக்கும் சேர்த்து நிழல் தருகிறது. அந்த நிழலில் நின்றுகொண்டுதான் என் மகளைப் பேசாதே என்கிறீர்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதை விரித்து எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை. 2018இல் என் மகள் எட்டாம் வகுப்பு. கூடைப்பந்து ஆடுவாள். விளையாட்டுச் சாமான் அறைக்கு உள்பக்கம் ஒரு கொக்கி இருந்தது. சாவி பயிற்சியாளரிடம் இருந்தது. ஏழெட்டு மாதம் நடந்திருக்கிறது. 2019 கோடை விடுமுறையில், ஸ்கூல் திறப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போது, இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லி அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். கொரோனாவில் இரண்டு வருஷம் வாய்தா. 2024 ஜனவரியில் தீர்ப்பு. கல்வி நிறுவனத்தில் பணியில் இருப்பவர் செய்த பாலியல் தாக்குதல் என்பதால் கடுமையான பிரிவு, ஏழாண்டு. இப்போது மேல்முறையீடு நிலுவையில் இருக்க, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் வெளியே இருக்கிறார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நானே பார்த்தேன்.

அவர் குற்றத்துக்கு அவர் பதில் சொல்லட்டும். உங்களிடம் நான் கேட்பது வேறு.

விசாரணையில் தலைமை ஆசிரியை குறுக்கு விசாரணையின்போது ஒப்புக்கொண்டது தீர்ப்பிலேயே இருக்கிறது. 2015இல் ஒரு தாய் அதே ஆளைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார். 2016இல் இன்னொருவர். முதல் புகாருக்கு உங்கள் கூட்டக் குறிப்பேட்டில் ஒன்றரை வரி: "பயிற்சியாளரை அழைத்து அறிவுரை கூறப்பட்டது. இனி மாணவியரைத் தனியே அழைக்கக் கூடாதென முடிவு செய்யப்பட்டது." இரண்டாவது புகாருக்கு ஒரு வரிகூட இல்லை. சாவி அவரிடமே இருந்தது. கொக்கியும் உள்பக்கமே இருந்தது.

போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று. உங்கள் ஒன்றரை வரி அதற்கு மூன்று வருஷம் பிந்தியது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவும், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்று 21ஆம் பிரிவும் அப்போதே இருந்தன. தலைமை ஆசிரியை ஓய்வு பெற்ற அன்று நீங்கள் பொன்னாடை போர்த்திய படம் பள்ளி மலரில் வந்தது.

2015இல் நீங்கள் ஒரு போன் செய்திருந்தால் 2018 என்ற வருஷம் எங்கள் வீட்டில் வெறும் எட்டாம் வகுப்பாக இருந்திருக்கும்.

அன்று முகப்பில் ஓர் ஐயா கேட்டார்: "மானத்துக்கு வெலை பேசலாமாத்தா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வயதுக்கு மரியாதை கொடுத்தேன். இப்போது சொல்கிறேன்.

என் அப்பா ஒரு பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை. இதை எழுதுவதால் யாருக்கும் அடையாளம் தெரிந்துவிடாது, நம் பக்கத்தில் கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ளாத பெரிய வீடு ஏது. வருஷத்துக்கு ஒருமுறை சித்திரை வெயிலில், வீட்டு உள்முற்றமான வளவில் பாய் விரித்து, பெட்டகத்திலிருந்து எடுத்த பழைய பத்திரங்களைப் பரப்பிக் காய வைப்பார். பூச்சி அரிக்காமலிருக்க இடையிடையே வேப்பிலை. எல்லாம் பர்மா நிலத்துப் பத்திரங்கள். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது என்று சரித்திரம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். 1948இல் அந்த நாட்டு அரசு நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எத்தனை மனு! டெல்லிக்கு ஒன்று, ரங்கூனுக்கு ஒன்று. மூன்று தலைமுறையாக நட்டஈடு கேட்டார்கள். மனுவின் நகலை என் அப்பா தன் கையால் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். எழுதி முடித்து, "கெடைக்காது. ஆனா கேக்காம விட்டா நம்ம பக்கம் நாயமில்லைன்னு ஆயிரும்" என்பார்.

அவர்களை யாராவது காசாசை பிடித்தவர்கள் என்றார்களா? போன நிலம் போனது, அதற்கு விலை பேசுவது அசிங்கம் என்றார்களா? இழந்ததற்கு ஈடு கேட்பது நியாயம் என்று இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்துக்குக் கேட்டால் உரிமை, பெண்பிள்ளைக்குக் கேட்டால் மானத்தை விற்பதா? என் மகளின் மானம் எங்கும் போகவில்லை. போனது அவளுடைய தூக்கம், ஒரு வருஷப் படிப்பு, கூடைப்பந்து, யாரையும் நம்பும் பழக்கம். இவற்றில் சிலவற்றுக்கு விலை உண்டு. பில் கூட இருக்கிறது.

இன்னோர் ஐயா, "அவன் செஞ்சதுக்கு நாங்க என்ன பண்ணுவோம், சம்பளத்துக்கு வந்தவன்தானே" என்றார். இதைச் செட்டிநாட்டில் உட்கார்ந்து சொல்வதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. முதலாளி இங்கே ஊரில் இருப்பார். கடை ரங்கூனிலும் பினாங்கிலும் இருக்கும். அங்கே ஏஜென்ட் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். ஏஜென்ட் பவர் பத்திரத்தோடு முதலாளியின் விலாசம், அதாவது அந்தக் குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகள், போட்டுக் கையெழுத்திடுவார். அவர் வாங்கிய கடனுக்கும் கொடுத்த வாக்குக்கும் பதில் சொன்னது அந்த மூன்றெழுத்து, நாலெழுத்து விலாசம். "ஆள் செஞ்சது, எனக்குத் தெரியாது" என்று ஒரு முதலாளி கைவிரித்திருந்தால் மறுநாள் அந்த விலாசத்துக்கு எவன் பணம் கொடுத்திருப்பான்? வேலையின் போக்கில் ஆள் செய்த தவறுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு என்று சிவில் சட்டம் சொல்வதும் இந்த வகைதான். சாமான் அறையின் சாவியை அவருக்கு என் மகளா கொடுத்தாள்?

சரி, அரசாங்கம்தான் இழப்பீடு கொடுத்துவிட்டதே என்கிறீர்கள். அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

எஃப்ஐஆர் போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம், உத்தரவு கிடைத்த முப்பது நாளில் மாநில அரசு கொடுக்க வேண்டும் என்று போக்சோ விதிகளில் இருக்கிறது. மருத்துவச் செலவு, படிப்பில் ஏற்பட்ட இழப்பு, குற்றவாளி குழந்தைக்கு என்ன உறவு, ஒருமுறை நடந்ததா பலமுறையா என்பதையெல்லாம் பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும்கூட, யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் போனாலும்கூட இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். இதையெல்லாம் 2019இல் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. தீர்ப்பிலும் இழப்பீடு பற்றி ஒரு வரி இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சிறாரும் பெண்களும் பாதிக்கப்பட்ட பாலியல் வழக்குகளில் தீர்ப்பு எழுதும்போதே இழப்பீட்டுக்கும் உத்தரவிட வேண்டும் என்று சொன்னது. எங்கள் தீர்ப்பு அதற்குப் பத்து மாதம் முந்தியது. தனியே மனுப் போட்டு, நடையாய் நடந்து, 2025இல் மூன்று லட்சம் வந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு மூன்றாண்டுக்கு வங்கி வைப்பில். கைக்கு வந்தது 75,000 ரூபாய்.

நான் வைத்திருக்கும் பேரேட்டில் 2019 ஜூன் முதல் எழுதியிருக்கிறேன். மதுரைக்கு மனநல ஆலோசனைக்குப் போனது 61 தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்குப் பஸ், ஆலோசனைக் கட்டணம், எனக்கு ஒருநாள் சம்பளப் பிடித்தம். வேறு ஸ்கூலில் சேர்த்த நன்கொடை. விடுபட்ட வருஷத்துக்கு டியூஷன். கோர்ட்டுக்குப் போன நாட்கள். மொத்தம் ஐந்து லட்சத்துச் சொச்சம். அவள் பட்டதற்கு இதில் ஒரு பைசா எழுதவில்லை, அதற்கு எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அந்தப் பேரேட்டை அவள் எடுத்துப் புரட்டிவிட்டு, "என்னால உனக்கு எவ்வளவு செலவும்மா" என்றாள். அதற்குப் பிறகு பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

அரசு கொடுத்த மூன்று லட்சம் மக்கள் வரிப்பணம். என் வரியும் அதில் இருக்கிறது, உங்கள் வரியும் இருக்கலாம். குற்றம் செய்தவர் கையிலிருந்தோ, இடம் கொடுத்தவர் கையிலிருந்தோ ஒரு ரூபாய் வரவில்லை. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992இல் அரசு ஊழியர்கள் செய்த கொடுமைக்கு, 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பாலியல் கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அந்தப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் அறிவித்தது. தொகைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் தப்பு செய்த வீடு எது, கொடுத்த கை எது என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் வேறாகவே இருக்கின்றன. இரண்டையும் சேர்க்கும் வழி சிவில் வழக்கு. அதனால்தான் நீங்கள் முத்திரைத்தாளோடு வந்தீர்கள்.

இப்போது காலக் கணக்கு. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம் என்று இந்த ஊரில் பால்காரனுக்கும் தெரியும். மூன்று வருஷம் முடிவதற்குள் பின்பக்கம் பத்து ரூபாய் வரவு வைத்துக் கையெழுத்து வாங்காவிட்டால் நோட்டு வெறும் காகிதம். கடன் கொடுத்தவன் வாசலுக்கு வரும்போதெல்லாம் "அறுப்பு முடியட்டும்", "கல்யாணம் முடியட்டும்" என்று இனிக்க இனிக்கப் பேசி நாளைக் கடத்துகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரி நட்டஈட்டு வழக்குக்கும் மூன்று வருஷம்தான். சிறுவயதில் பாதிக்கப்பட்டவருக்கு அது பதினெட்டு முடிந்த நாளிலிருந்து ஓடும். என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது 2023 ஆவணியில். இந்த ஆவணியில் 21. போலீசில் புகார் கொடுக்கப் போக்சோவில் காலக்கெடு கிடையாது. சிவில் வழக்குக்கு உண்டு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான், அசல் வழக்குக்குக் கிடையாது. காலம் தாண்டினால் எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் நீதிபதி தள்ளித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் அட்டவணையை ஆபீசில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். 77ஆவது இனம்: ஒருவருடைய வேலைக்காரியையோ மகளையோ இன்னொருவன் மயக்கி வசப்படுத்தியதால், அந்த முதலாளிக்கோ தகப்பனுக்கோ கிடைக்காமல் போன ஊழியத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்கு. கெடு ஓராண்டு. ஊழியம் போச்சே என்று தகப்பன் கேட்பதற்கு ஓர் இனம் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. மகள் தனக்கு நடந்ததற்காகத் தானே கேட்பதற்குத் தனி இனம் இல்லை. எங்கும் அடங்காத வழக்குகளுக்கென்று கடைசியில் போட்டிருக்கும் 113இல்தான் அவள் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் அதை அவளிடம் சொன்னேன். "மிச்சம் மீதி இனம்னு சொல்லு" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் அந்த இடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் 2024 மாசியில். "நூற்றாண்டு விழா முடியட்டும்" என்று சொல்லியனுப்பினீர்கள். இரண்டாவது கடிதத்துக்கு "கோயில் குடமுழுக்கு முடியட்டும்". மூன்றாவதுக்கு "தணிக்கை முடியட்டும்". தணிக்கை எப்போது முடியும் என்று என்னிடமே சொல்கிறீர்கள்! உங்களில் இரண்டு பேர் வக்கீல்கள். ஆவணி மாதக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது தாம்பாளம் வந்ததைத் தற்செயல் என்று நான் நம்ப வேண்டுமா?

மேல்முறையீட்டின் முடிவு தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்றும் ஒரு பேச்சு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்ப்பார்கள். தராசு வேறு. உங்கள் அலட்சியத்துக்குச் சாட்சி உங்கள் குறிப்பேடு. அது மதுரையில் என்ன தீர்ப்பு வந்தாலும் மாறாது. மேல்முறையீட்டில் 'ஒத்துழைக்க'ச் சொல்லி ஒப்பந்தம் எழுதினீர்களே, குற்ற வழக்கை அமுக்குவதற்காகப் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது. அடையாளத்தைக் காப்பதும் 23, இதைச் செல்லாததாக்குவதும் 23. எனக்கு ராசியான எண் போலிருக்கிறது.

தர்மப் பணம், ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கான பணம், அதிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது என்றும் சொன்னீர்கள். நூற்றாண்டு வளைவுக்கும் மண்டபத்துக்கும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு வசூலித்த தொகை விழா மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. வளைவில் பூச்சு வேலைக்கு மட்டும் ஆன செலவு என் மகள் கேட்கப்போவதைவிட அதிகம். என் மகளும் அந்தப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைதான். அவளுக்கென்று கேட்டால் மட்டும் தர்மம் எப்படிக் குறைந்துபோகும்?

உங்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் மெல்போர்னில் இருக்கிறார்கள். அந்த விக்டோரியா மாநிலம் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களின் சிவில் வழக்குக்குக் காலக்கெடுவே வேண்டாம் என்று 2015இல் சட்டத்தைத் திருத்திவிட்டது. பள்ளிகளும் தேவாலயங்களும் விடுதிகளும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஒரு நிவாரணத் திட்டம் ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலையிலிருந்து நடக்கிறது. பணம், மனநல ஆலோசனை, இவற்றோடு பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். பேரப்பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் உள்ள பாதுகாப்பு நல்லதென்றுதான் நீங்களும் நினைப்பீர்கள்.

ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களிடம் தனியாக இரண்டு வார்த்தை. என் வீட்டுக்காரரைக் கோயில் வாசலில் நிறுத்தி, "கோர்ட்டுக்குப் போனா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாக" என்று கேட்டீர்கள். யார் வருவார்கள் என்பதை என் மகள் பார்த்துக்கொள்வாள். ஒரு ஆச்சி மட்டும், உங்கள் வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்தான், இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வந்தார். ஒரு டப்பாவில் சீப்புச் சீடை. "எங்க காலத்துல சொல்ல வாய் இல்லத்தா, நீ விட்டுறாத" என்றார். யாருக்கு எப்போது என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்வாசல் வழியாக வர வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இழப்பீடு வாங்குவதே தப்பு என்று நினைத்து ஒதுங்கியிருக்கும் மற்றத் தாய்மார்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 25 லட்சம் கேட்டு வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், அதாவது 75,000. அரசிடமிருந்து எங்கள் கைக்கு வந்ததும் சரியாக அவ்வளவுதான். இதைப் பார்த்துத்தான் நான் ஒரு வருஷம் தயங்கினேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தைக் காட்டி ஒரு இளம் வக்கீல் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த ஆணைக்குழுவுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. மகள் பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றவர் அவள் சார்பில் போடலாம். 21 தாண்ட விடாதீர்கள்.

அறங்காவலர்களே, நான் கேட்பது இவை.

2015, 2016ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு புகார்க் கடிதங்கள், கூட்டக் குறிப்பேடு, அந்தப் பயிற்சியாளரின் பணிப் பதிவேடு, சாமான் அறைச் சாவிப் பதிவு ஆகியவற்றை அழிக்காமலும் திருத்தாமலும் வைத்திருங்கள். அவற்றின் சான்றளித்த நகல்களை எங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். வெள்ளையடிக்கிறோம், கரையான் அரித்துவிட்டது என்ற பதில் வேண்டாம். எண்பது வருஷத்துப் பர்மாப் பத்திரங்களை வேப்பிலை போட்டுக் காத்த ஊர் இது.

கொடுப்பதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். இழப்பீடு என்று எழுதுங்கள். எதற்காக என்பதையும் எழுதுங்கள்: இரண்டு புகார்கள் வந்தும் காவல் துறைக்குச் சொல்லாததற்காக. தொகையைப் பேச நாங்கள் தயார். என் பேரேட்டையும் பில்களையும் கொண்டு வருகிறேன், நீங்கள் உங்கள் ஆடிட்டரைக் கொண்டு வாருங்கள். பேச்சு முகப்பில் வேண்டாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்தில் நடக்கட்டும். என் மகளின் வாயை அடைக்கும் வரியும், மேல்முறையீட்டைத் தொடும் வரியும் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது.

2015இலும் 2016இலும் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு தாய்மாரையும் நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் 21 தாண்டியிருக்கும். சட்டப்படி கேட்க அவர்களுக்கு வழி அடைபட்டிருக்கலாம். கொடுக்க உங்களுக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

சாமான் அறைக் கதவின் உள்கொக்கியை இந்த வாரமே கழற்றுங்கள். போன பொங்கலுக்குக்கூட அது அப்படியே இருந்ததாகக் கேள்வி.

ஊர்ச் சங்கத்தார் இனி என் வீட்டுக்காரரையோ மாமியாரையோ இதுபற்றிக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். என் மகளுக்கு வயது வந்துவிட்டது. வழக்கில் வாதி அவள்தான். பேச வேண்டியதை அவளுடைய வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இந்தச் சித்திரை முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் வைகாசியில் வழக்குப் பதிவாகும். வழக்கு மனுவின் வரைவு தயாராக இருக்கிறது, பெயருக்குப் பதில் ஓர் எழுத்து போட்டு. பதிலை ஆள் மூலம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், தாம்பாளமும் வேண்டாம். முன்பு உங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் மேல் வழக்கறிஞரின் முகவரி இருக்கிறது. பதிவு செய்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண்ணின் தாய்